கடுமையான மருந்து ஒவ்வாமைக்குப் பிறகு ஒட்டுப் பரிசோதனை: முடிவை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி (நோயாளியின் அக்கா)

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு முக நரம்பு வலிக்காகக் கார்பமாசெபைன் மாத்திரை தொடங்கப்பட்டது. நான்காவது வாரத்தில் பல் வேரில் சீழ் பிடித்ததால் அமாக்சிசிலினும், வயிற்றெரிச்சல் வராமலிருக்க ஒமெப்ரசோலும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவை இரண்டும் தொடங்கிய மூன்றாம் நாள் கடும் காய்ச்சலும், உடல் முழுவதும் செந்தடிப்பும், முக வீக்கமும் வந்தன. இரத்தப் பரிசோதனையில் இயோசினோபில் என்னும் வெள்ளணுக்கள் மிகுந்திருந்தன; கல்லீரல் நொதிகளின் அளவும் பல மடங்கு உயர்ந்திருந்தது. மருத்துவர்கள் இதை டிரெஸ் என்னும் கடுமையான மருந்து ஒவ்வாமை என்று முடிவு செய்து, மூன்று மருந்துகளையும் உடனே நிறுத்தினார்கள். ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்து, அதைச் சிறுகச் சிறுகக் குறைத்து, இப்போது முற்றிலும் நிறுத்திவிட்டார்கள். தங்கை நலமாக இருக்கிறாள்.

மூன்று மருந்துகளில் எது காரணம் என்று கண்டறிய, பேட்ச் டெஸ்ட் எனப்படும் ஒட்டுப் பரிசோதனை செய்யலாம் என்று ஒவ்வாமைப் பிரிவில் இப்போது சொல்கிறார்கள். உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கக்கூடிய ஒரு மருந்தை மறுபடியும் அவள் உடலில் வைப்பது சரிதானா என்ற அச்சம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருக்கிறது. அதைவிட முக்கியமான சந்தேகம் ஒன்றும் இருக்கிறது. பரிசோதனையில் ஒரு மருந்துக்கு எதிர்வினை வரவில்லை என்றால், அந்த மருந்தை அவள் பிற்காலத்தில் பயமில்லாமல் சாப்பிடலாம் என்று பொருளா? அமாக்சிசிலின் போன்ற மருந்து வாழ்நாளில் எப்போதாவது தேவைப்படும் என்பதால் இதைக் கேட்கிறேன். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி (தோல் மருத்துவர்)

வணக்கம் அம்மா. உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பரிசோதனையைப் பற்றி மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் அதுதான். ஒட்டுப் பரிசோதனையில் எதிர்வினை தெளிவாக வந்தால், அது அந்த மருந்துக்கு எதிரான வலுவான சான்று. எதிர்வினை வராவிட்டால், அந்த மருந்து குற்றமற்றது என்பதற்கு அது சான்றாகாது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

மருந்து ஒவ்வாமைகள் எல்லாம் ஒரே வழியில் நிகழ்வதில்லை. மருந்து உட்கொண்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ வரும் காணாக்கடி, மூச்சுத் திணறல் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் ஐஜிஇ எதிர்ப்பொருள் காரணம். அவற்றுக்கு ஊசியால் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையே பொருத்தமானது. உங்கள் தங்கைக்கு வந்தது தாமத வகை. ஒரு மருந்தை அந்நியப் பொருளாக அடையாளம் கண்டு பழகிய டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் பெருகித் தோலையும் உள்ளுறுப்புகளையும் தாக்குவதால் அது வருகிறது. நோய் தணிந்த பிறகும் அந்த மருந்தை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் உடலில் தங்கிவிடுகின்றன. மருந்தை மிகக் குறைந்த அளவில் முதுகுத் தோலில் ஒட்டிவைத்தால், அந்தச் செல்கள் அங்கே திரண்டு, ஒரு சிறு வட்டத்துக்குள் அதே அழற்சியை மறுபடி உண்டாக்குகின்றன. பரிசோதனையின் அடிப்படை இவ்வளவுதான். இந்த முறை பிறந்ததே ஒரு மருந்தை முன்னிட்டுத்தான் என்பது பலருக்குத் தெரியாது: 1895இல் யோசெஃப் யாடாசோன் என்னும் தோல் மருத்துவர், பாதரச மருந்தால் தோல் அழற்சி கண்டவரின் தோலில் பாதரசத்தை ஒட்டி, அதே அழற்சியை வரவழைத்துக் காட்டினார்.

ஆபத்தைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால், வாய்வழி உட்கொள்ளும் ஒரு மாத்திரையையும் தோலில் 8 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு அலுமினியக் கிண்ணத்தில் வைக்கப்படும் மருந்தையும் ஒப்பிட்டால், பின்னதிலிருந்து இரத்தத்துக்குள் செல்லும் அளவு மிகமிகச் சொற்பம். கடுமையான மருந்து ஒவ்வாமை வந்த 134 பேரிடம் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், நோய் மீண்டும் தலைகாட்டியது ஒரே ஒருவருக்குத்தான். அவருக்கு முதலில் வந்திருந்ததும் டிரெஸ் அல்ல, சீழ்க்கொப்புளங்கள் தோன்றும் ஏஜெப் என்னும் வகை. ஆபத்து அறவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதனால்தான் கடும் ஒவ்வாமை வந்தவர்களுக்கு வழக்கமான 10 சதவீதச் செறிவில் எடுத்தவுடனே ஒட்டாமல், 0.1 சதவீதம், 1 சதவீதம் என்று நீர்த்த கலவையில் தொடங்கி, எதிர்வினை இல்லாவிட்டால் மட்டுமே செறிவைக் கூட்டுகிறோம். ஒட்டியிருக்கும் நாட்களில் காய்ச்சலோ, வேறிடத்தில் தடிப்போ, முக வீக்கமோ தோன்றினால் ஒட்டை உடனே அகற்றிவிட்டு மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

அடுத்தது காலம். பொதுவாக மருந்துத் தடிப்பு முழுவதும் ஆறியபின் குறைந்தது ஆறு வாரங்கள் காத்திருப்போம். டிரெஸ் என்றால் ஆறு மாதங்கள். டிரெஸ்ஸில் உடலுக்குள் உறங்கிக்கிடந்த ஹெர்பிஸ் வகை வைரஸ்கள் விழித்தெழுவதும், நோய் தணிந்ததுபோல் தோன்றி மறுபடி கிளம்புவதும் உண்டு என்பதால்தான் இந்தக் கூடுதல் காத்திருப்பு. அதற்காக ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் நல்லதல்ல. நினைவுச் செல்கள் குறைந்துகொண்டே போகக்கூடும் என்பதால் ஒரு வருடத்துக்குள் செய்துவிடுவது விரும்பத்தக்கது. ஸ்டீராய்டு மாத்திரை நின்று குறைந்தது ஒரு மாதம் ஆகியிருக்க வேண்டும். முதுகில் ஸ்டீராய்டு களிம்பு தடவக் கூடாது. முதுகு வெயிலில் காய்வதையும் முன்கூட்டியே சில வாரங்கள் தவிர்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் இதைச் செய்வதில்லை.

ஒட்டுகளை 48 மணி நேரம் அப்படியே வைத்திருப்போம். அந்த நாட்களில் முதுகை நனைக்கக் கூடாது, வியர்க்க வேலை செய்யக் கூடாது. அகற்றியபின், பிளாஸ்திரி இழுத்ததால் வந்த சிவப்பு அடங்கச் சற்று நேரம் விட்டுவிட்டு முதல் முறை பார்ப்போம். நான்காம் நாள் மறுபடி பார்ப்போம். அதுவரை ஒன்றும் இல்லையென்றால் ஏழாம் நாளும் பார்ப்பது அவசியம், ஏனென்றால் சில எதிர்வினைகள் அப்போதுதான் எழுகின்றன. வெறும் சிவப்பைக் கொண்டு முடிவு சொல்வதில்லை. சிவந்த இடம் விரலுக்குத் தடித்துத் தெரிய வேண்டும், சிறு பருக்கள் இருந்தால் இன்னும் உறுதி, நீர்க்கொப்புளம் இருந்தால் வலுவான எதிர்வினை. கருநிறத் தோலில் சிவப்பு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆகவே அத்தகைய தோலில் விரலால் தடவிப் பார்க்காமல் எழுதப்படும் முடிவை நான் ஏற்பதில்லை.

இனி உங்கள் தங்கையின் மூன்று மருந்துகளுக்கு வருகிறேன். டிரெஸ் பெரும்பாலும் மருந்து தொடங்கி இரண்டிலிருந்து எட்டு வாரங்களுக்குள் வருகிறது. இந்தக் கணக்கில் நான்காவது வாரத்தில் இருந்த கார்பமாசெபைன்தான் முதல் சந்தேகத்துக்குரியது. மூன்று நாட்கள் மட்டுமே உட்கொண்ட மற்ற இரண்டும் நோயைத் தொடங்கியிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் கிளம்பிக்கொண்டிருந்த நோயை அமாக்சிசிலின் தூண்டிவிட்டிருக்கலாம், அது நாங்கள் அறிந்த நிகழ்வுதான். நான் மேலே சொன்ன ஆய்வில் டிரெஸ் வந்த 72 பேரில் 46 பேருக்கு ஒட்டுப் பரிசோதனை காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. கார்பமாசெபைனால் டிரெஸ் வந்த 13 பேரில் 11 பேருக்கு எதிர்வினை எழுந்தது. அதே கார்பமாசெபைனால் தோல் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வகை நோய் வந்த ஐவரில் ஒருவருக்குக்கூட எழவில்லை. மருந்து ஒன்றே, நோய் வேறு, பரிசோதனையின் பயனும் வேறு. உங்கள் தங்கையின் நோயும் சந்தேக மருந்தும் இந்தப் பரிசோதனை நன்றாக வேலை செய்யும் இணையாக அமைந்திருப்பதால், செய்து பார்ப்பது பயனுள்ளது என்பதே என் கருத்து.

மறுமொழி (மருத்துவமனை மருந்தாளுநர்)

மருத்துவர் சொன்னதோடு, மருந்தைத் தயாரிக்கும் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். கலப்பில்லாத மூல மருந்து கிடைத்தால் அதை வெள்ளை வாசலினில் 10 சதவீதமாகக் கலக்கிறோம். பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. அப்போது நோயாளி உட்கொண்ட மாத்திரையையே பயன்படுத்துகிறோம். மேல்பூச்சை நீக்கி, நன்றாக நுண்ணிய தூளாக அரைத்து, வாசலினில் 30 சதவீதமாகக் குழைப்பது வழக்கம். கடும் ஒவ்வாமை வந்தவர்களுக்கு இதையே மேலும் நீர்க்கச் செய்ய வேண்டும்.

ஆகவே, உங்கள் தங்கை சாப்பிட்ட அதே நிறுவனத்தின் மாத்திரை அட்டைகள் மீதம் இருந்தால் தூக்கி எறியாமல் எடுத்துச் செல்லுங்கள். மாத்திரையில் மருந்து மட்டும் இருப்பதில்லை. நிறமிகள், பிணைப்புப் பொருள்கள், நிரப்புப் பொருள்கள் எல்லாம் இருக்கின்றன. அரிதாக ஒவ்வாமை அவற்றுக்கும் வரும் என்பதால், சில மையங்களில் அவற்றைத் தனியே ஒட்டிப் பார்க்கிறார்கள்.

இன்னொரு செய்தி, எதிர்வினை வந்தாலே ஒவ்வாமை என்று அவசரப்பட்டு முடிவு கட்டுபவர்களுக்காக. சில மருந்துகள் யார் தோலையும் எரிச்சலூட்டும், கால்சிசின் அப்படிப்பட்டது. பழக்கமில்லாத ஒரு மருந்தில் எதிர்வினை வந்தால், அதை ஒவ்வாமை இல்லாதவர்களின் தோலிலும் ஒட்டிப் பார்த்து, அவர்களுக்கு எதுவும் வரவில்லை என்று உறுதி செய்த பிறகே முடிவு எழுத வேண்டும். இவ்வளவு கவனம் தேவைப்படும் ஒன்றை, மாத்திரையைத் தண்ணீரில் குழைத்துக் கையில் தடவிப் பார்க்கலாம் என்று வீட்டிலேயே முயல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

மறுமொழி (பரிசோதனை செய்துகொண்ட ஒருவர்)

எனக்கு வந்தது இவ்வளவு கடுமையானதல்ல. வலி மாத்திரை உட்கொள்ளும் ஒவ்வொரு முறையும் முன்கையில் ஒரே இடத்தில் வட்டமாகச் சிவந்து, பிறகு கருத்த தழும்பாக நின்றுவிடும். அந்த வலி மாத்திரையில் உள்ள எட்டோரிகாக்சிப் மருந்தை முதுகில் ஒட்டியபோது எதுவும் வரவில்லை. அதே மருந்தை அந்தக் கருத்த தழும்பின் மேலேயே ஒட்டியபோது மறுநாளே சிவந்து தடித்துவிட்டது. இப்படிப்பட்ட நோயில் நினைவுச் செல்கள் அந்தத் தழும்பின் தோலுக்குள்ளேயே தங்கியிருக்கின்றன, நல்ல தோலில் ஒட்டினால் பெரும்பாலும் பதில் கிடைக்காது என்று மருத்துவர் விளக்கினார். என்னைப் போல ஒரே இடத்தில் மறுபடி மறுபடி தடிப்பு வருபவர்கள், பரிசோதனைக்குப் போகும்போது பழைய தழும்புகளை மறக்காமல் காட்டுங்கள். தழும்பு முற்றிலும் மறைந்துபோவதற்குள் போவது நல்லது.

மறுமொழி (இன்னொரு வாசகர்)

இதே பொருளில் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. யூரிக் அமிலத்துக்காக அலோபியூரினால் உட்கொண்ட என் தந்தைக்கு மூன்றாவது வாரத்தில் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வந்து, வாயும் கண்களும் புண்ணாகிப் பிழைத்தெழுந்தார். அவருக்கும் ஒட்டுப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளலாமா? அலோபியூரினால்தான் காரணம் என்று ஊகத்தின்பேரில் எழுதிவிட்டார்களோ என்ற ஐயம் அவருக்கு இருக்கிறது. தவிர, என் தந்தை அரிப்புக்காக ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். அதை நிறுத்த வேண்டுமா?

மறுமொழி (தோல் மருத்துவர்)

உங்கள் தந்தை மீண்டு வந்தது பெரிய ஆறுதல். ஆனால் அவருக்கு இந்தப் பரிசோதனையை நான் பரிந்துரைக்கமாட்டேன். அலோபியூரினால் உண்மையிலேயே காரணமாக இருந்தவர்களிடம்கூட ஒட்டுப் பரிசோதனையில் பெரும்பாலும் எதிர்வினை எழுவதில்லை என்பது நீண்ட காலமாகக் கண்டறிந்த ஒன்று. உடலுக்குள் சென்றபின் அந்த மருந்து ஆக்சிபியூரினால் என்னும் வேறொரு பொருளாக மாறுகிறது. டி செல்களைத் தூண்டுவதில் அந்த மாறிய பொருளுக்கே பெரும் பங்கு உண்டு. தோலில் வைத்த மருந்து அப்படி மாறுவதற்கு வழியில்லை என்பது ஒரு விளக்கம். ஆனால் ஆக்சிபியூரினாலையே ஒட்டிப் பார்த்தபோதும் எதிர்வினை வரவில்லை என்பதால், அது மட்டுமே முழுக் காரணம் என்று சொல்லவும் முடியாது. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வகை நோய்களில் பொதுவாகவே இந்தப் பரிசோதனை பலவீனமானது. நான் முன்பு சொன்ன 2013 ஆய்வில் இந்த வகை நோய் வந்த 17 பேரில் நால்வருக்கு மட்டுமே பதில் கிடைத்தது.

இங்கே நான் அஞ்சுவது பரிசோதனையை அல்ல, அதன் முடிவு படிக்கப்படும் விதத்தை. எதிர்வினை இல்லை என்று ஒரு தாளில் எழுதப்பட்டுவிட்டால், சில வருடங்கள் கழித்து, இவரை முன்பின் அறியாத ஒருவர் அந்தத் தாளைப் பார்த்து அலோபியூரினாலை மறுபடி எழுதிக்கொடுக்கும் நிலை வரலாம். அது உயிரைப் பறிக்கும். மூன்றாவது வாரம் என்பது இந்த நோய்க்கு ஏற்ற காலக் கணக்குதான்: மருந்து தொடங்கிய நான்காம் நாளிலிருந்து 28ஆம் நாள் வரைதான் பெரும்பாலும் இது தொடங்குகிறது. இதற்கென்றே ஆல்டென் என்னும் மதிப்பெண் முறை இருக்கிறது. எந்த மருந்து எப்போது தொடங்கியது, நோய் தொடங்கிய அன்று அது உடலில் இருந்ததா, அந்த மருந்து இந்த நோயை உண்டாக்குவது எவ்வளவு அறியப்பட்டது என்றெல்லாம் பார்த்து அது காரணத்தை எடைபோடுகிறது. எச்எல்ஏ-பி*58:01 மரபணுக் கூறு இருப்பவர்களுக்கு அலோபியூரினாலால் இந்த ஆபத்து மிக அதிகம் என்பதால், இரத்தப் பரிசோதனையில் அது இருப்பது தெரிந்தால் உங்கள் தந்தையின் ஐயம் பெரிதும் தீரும். இல்லை என்று வந்தாலும் அலோபியூரினால் விலக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும். இரத்த உறவினர்கள் யாருக்காவது அந்த மருந்து தேவைப்பட்டால், அவர்கள் தொடங்கும் முன்பே இந்த மரபணுப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது.

ஆன்டிஹிஸ்டமின் பற்றி: ஊசியால் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்குத்தான் அதை முன்கூட்டியே நிறுத்த வேண்டும். ஒட்டுப் பரிசோதனையில் வேலை செய்வது டி செல்கள் என்பதால், அதற்காக ஆன்டிஹிஸ்டமினை நிறுத்த வேண்டிய தேவையில்லை.

மறுமொழி (கேள்வி கேட்ட அக்கா)

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மாத்திரை அட்டைகள் பத்திரமாக இருக்கின்றன. தடிப்பு தொடங்கிய அன்று எடுத்த படங்களும் இருக்கின்றன. ஒரு நிலையை மட்டும் தெளிவாக்கிக்கொள்ள விரும்புகிறேன். கார்பமாசெபைனுக்கு எதிர்வினை வந்து, அமாக்சிசிலினுக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது அமாக்சிசிலினை என்ன செய்வது?

மறுமொழி (தோல் மருத்துவர்)

நான் எதிர்பார்ப்பதும் பெரும்பாலும் அப்படிப்பட்ட முடிவைத்தான். அவ்வாறு வந்தால் கார்பமாசெபைனோடு நிற்காமல், அமைப்பில் அதை ஒத்திருக்கும் ஆக்ஸ்கார்பசெபைன், ஃபெனிடோயின், ஃபீனோபார்பிடால் ஆகியவற்றையும் தங்கை வாழ்நாள் முழுவதும் தவிர்க்க வேண்டும். ஒன்றுக்குப் பழகிய டி செல்கள் மற்றவற்றையும் அடையாளம் காண்பது மிகவும் சாதாரணம். நரம்பு வலிக்கு காபாபென்டின் போன்ற வேறு அமைப்புடைய மருந்துகள் இருப்பதால் வழி அடைபட்டுவிடாது.

அமாக்சிசிலினில் ஒட்டுக்கு எதிர்வினை வரவில்லை என்றால், அடுத்த படியாக அதை மிகவும் நீர்க்கச் செய்து தோலுக்குள் ஊசியால் செலுத்தி, 24 மணி நேரத்துக்குப் பிறகும் பார்க்கும் பரிசோதனையைச் சில மையங்களில் செய்கிறார்கள். அது ஒட்டைவிடக் கூர்மையானது. டிரெஸ் வந்தவரிடம் அனுபவமுள்ள மருத்துவமனையில் மட்டுமே செய்யத்தக்கது. நோயை உண்டாக்கியது என்று வலுவாகச் சந்தேகிக்கப்படும் மருந்தை வாய்வழி கொடுத்துப் பார்ப்பது டிரெஸ்ஸில் கூடவே கூடாது. ஆனால் காலக் கணக்கு, ஒட்டு, தோலூசி ஆகிய மூன்றுமே அமாக்சிசிலினை விடுவிக்கும்போது, அது உண்மையிலேயே தேவைப்படும் நிலை இருந்தால், மருத்துவமனையில் வைத்துச் சிறு அளவில் தொடங்கிக் கொடுத்துப் பார்க்கலாமா என்பதை ஒவ்வாமை வல்லுநர்கள் கூடி முடிவு செய்யலாம். அதுவரை அது விலக்கப்பட்ட மருந்தாகவே இருக்கட்டும். டிரெஸ் வந்தவர்களில் சிலருக்கு, முதல் காரணத்தோடு தொடர்பே இல்லாத இரண்டாவது மருந்துக்கும் பின்னாளில் உண்மையான ஒவ்வாமை உருவாகிவிடுவதைக் கண்டிருப்பதால், இதில் அவசரம் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

பரிசோதனைக்குப் போகும் முன் ஒரே ஒரு வேலையைச் செய்துவையுங்கள். நோய் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் தங்கை உட்கொண்ட ஒவ்வொன்றையும், மருந்துச் சீட்டில்லாமல் வாங்கிய தலைவலி மாத்திரை, மூலிகைப் பொடி, சத்து மாத்திரை உட்பட, தொடங்கிய நாளோடும் நிறுத்திய நாளோடும் ஒரே தாளில் எழுதுங்கள். காய்ச்சல் வந்த நாள், முதல் தடிப்பு வந்த நாள், முகம் வீங்கிய நாள் ஆகியவற்றை அதே தாளில் குறியுங்கள். முதுகில் எதை ஒட்ட வேண்டும் என்பதை நாங்கள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். பரிசோதனை முடிந்ததும் வாங்க வேண்டிய எழுத்துச் சான்றில், தவிர்க்க வேண்டிய மருந்துகளின் வணிகப் பெயர் மட்டுமல்லாமல் மூலப் பெயரும், எதிர்வினை வராத மருந்துகளுக்கு நேரே "பாதுகாப்பானது என உறுதி செய்யப்படவில்லை" என்ற குறிப்பும் இருக்கும்படி கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.